கழுத்தில் தொங்கிய இரிடியம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கிய மருமகளின் முகமே சரியில்லை. மகனோடு சண்டையோ... என்று பயந்தேன். இல்லை. பிரச்னை டைனோசரோடு!

அவள் கடலடி மண்ணை ஆராய்கிறவள். ஆறரைக் கோடி வருடங்களுக்கு முன் வானத்திலிருந்து பெரிய கல் விழுந்து டைனோசர்கள் அழிந்தன அல்லவா? அந்தக் கல்லின் தூசி கடலடியில் மெல்லிய அடுக்காகத் தங்கியிருக்கிறது. அதில் இரிடியம் என்ற உலோகம் உண்டு. சாதாரண மண்ணில் அது அபூர்வம். அதுதான் சாட்சி.

இவள் சோதித்தால் எல்லா மண்ணிலும் இரிடியம். மண்ணே போடாத வெறும் குப்பியிலும் இரிடியம்! அப்படியென்றால் ஆய்வகத்திலேயே எதுவோ கலந்திருக்கிறது. மிச்சம் இருப்பது ஒரு சிட்டிகை மண். அதுவும் கெட்டால் இத்தனை வருட உழைப்பும் போச்சு.

"மோதிரம், வளையல், தோடு எல்லாம் கழட்டிட்டுத்தான் மாமா உள்ள போனேன்" என்றாள், வீட்டுக்கு வந்ததும். அழுகை வந்துவிட்டது. "தாலிச் செயின் மட்டும்..."

அதை யார் கழற்றுவார்கள்? நகைத் தங்கத்தில் சிலர் கள்ளத்தனமாக இரிடியம் கலப்பது உண்டாம். குனிந்து மண்ணைப் பொடிக்கும்போது செயின் கல்வத்தில் உரசியிருக்கிறது. அந்தச் செயினைக் கடைத்தெருவில் ஆசை ஆசையாகப் பார்த்து வாங்கியவள் என் மனைவி. எனக்கு ஒரே டென்ஷன் — வீட்டுக்குள் இன்னொரு கல் விழப்போகிறது!

மனைவி சமையலறைக்குப் போனாள். திரும்பியபோது கையில் மஞ்சள் கயிறு. அதில் கோத்த ஒரு மஞ்சள் துண்டு.

"இதுக்குப் போயா அழுவுற? செயினு அடகுக்குப் போனப்பல்லாம் நான் இதத்தான கட்டிக்கினு இருந்தேன். இன்னா ஆயிப்போச்சு? உங்க மாமா குத்துக்கல்லாட்டம் இருக்காரே! உன் மண்ணு கெட்டுப்போவக் கூடாது. மொதல்ல அதக் கழட்டு."

மருமகள் மறுபடி அழுதாள். இது வேறு அழுகை.

நேற்று போன் வந்தது. "அத்தை, வெறும் குப்பியில ஒண்ணுமே இல்ல! அந்த ஒரு அடுக்குல மட்டும்தான் இருக்குது!"

ஒன்றுமே இல்லை என்பதற்காக நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

யோசித்துப் பாருங்கள்... அந்தக் கல் விழாமல் இருந்திருந்தால், வளைக்குள் பதுங்கிப் பிழைத்த எலி மாதிரியான பிராணிகள் தலையெடுத்திருக்குமா? அந்த வம்சத்தில் வந்த நீங்கள் ஏது, நான் ஏது? கல்லுக்கு நன்றி. அதன் தூசியைப் பத்திரமாக வைத்திருந்த கடலுக்கு நன்றி. என் மனைவிக்கு நேரிலேயே சொல்லிவிட்டேன்.

"அது கெடக்கட்டும்" என்று செருப்பை மாட்டினாள். "அந்த நகைக்கடைக்குப் போவலாம், வாங்க."

டைனோசர்களுக்காகப் பரிதாபப்பட்டது போதும். அந்தக் கடைக்காரருக்கு யாராவது ஒரு போன் போடுங்களேன்!