தம்பியின் காது

பத்தாவியாவில் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் ஒல்லாந்தர்கள் குடும்பத்தோடு பைத்தியம் பார்க்கப் போவார்கள். டோல்ஹெய்ஸ் என்று, பைத்தியங்களைப் பூட்டிவைக்கும் ஒரு கொட்டடி. பாதிக் கதவின்மேல் எட்டிப் பார்த்து, பிள்ளைகளுக்குக் காட்டிச் சிரித்து, பலகாரம் தின்றுவிட்டு வீடு திரும்புவார்கள். நாகரிகம் தெரிந்த ஜனம். ஞாயிறுதோறும் நானும் போவேன். உள்ளே இருந்தவன் என் தம்பி கன்னியப்பன். நம் ஊர் தோணிரேவில் இதைப் படிக்கிறவர்கள் அதற்குள் ஒல்லாந்தரைத் திட்டத் தொடங்கியிருப்பீர்கள். பொறுங்கள், உங்கள் முறையும் வருகிறது.

கத்தாளை மீன் கூட்டமாக வந்தால் தண்ணீருக்குள் உறுமும். நம் ஆட்கள் துடுப்பை நீரில் இறக்கி, அதன் முனையில் காது வைத்துக் கேட்டுத்தான் வலை போடுவார்கள். மீசை அரும்பி முடிந்த வயதில் கன்னியப்பன் ஆள் மாறினான். குளிக்க மாட்டான், தூங்க மாட்டான். குழம்பில் விஷம் என்று சட்டியைத் தள்ளுவான். யாருமில்லாத இடத்தில் தலையைச் சாய்த்துக் கேட்பான். வேறு ஊராக இருந்தால் பேய் என்றாவது சொல்லியிருக்கும். நம் மேதாவிகள் மீன்காது என்றார்கள். தோணியில் ஏற்றித் துடுப்பைக் கையில் கொடுத்தார்கள்.

"இன்னாடா கேக்குது?" என்பார் எங்கள் நைனா.

"பேசுறாங்க நைனா."

உடனே வலை இறங்கும். மீன் பட்டால் மாலை, படாவிட்டால் அடி. பேசியது மீனா? கரையிலும் கிணற்றடியிலும் சாத்திய அறைக்குள்ளும் அந்தக் குரல்கள் அவன் பெயரைச் சொல்லித் திட்டின. என்னிடம் சொல்லி அழுதிருக்கிறான். ஊரில் சொன்னேன். எனக்குப் பொறாமை என்று சிரித்தீர்கள்.

நம் ஊர்க் கோட்டையில் கொடி ஏற்றி வைத்திருக்கும் ஒல்லாந்தனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி, கடல் தாண்டி இந்தப் பத்தாவியாவுக்குக் கப்பல் வேலைக்கு வந்தபோது தம்பியையும் இழுத்து வந்தேன். இங்கே சிருர்கைன் என்பவர் சவரமும் செய்வார், வைத்தியமும் செய்வார். தம்பிக்கு யார் பேசுவது கேட்கிறது என்றார். ஊரில் மீன் என்றார்கள் என்றேன். மீன் அதிகம் தின்ற சூடு என்று முடிவு கட்டி, கையைக் கீறிக் கிண்ணம் நிறைய ரத்தம் எடுத்தார். குரல்கள் போகவில்லை, உடம்பில் இருந்த தெம்புதான் போனது. திரும்பவும் கீறினார். கடைசியில் டோல், அதாவது பைத்தியம், என்று நோய்க்குப் பெயர் வைத்து, டோல்ஹெய்ஸில் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

வயிறாரச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, பக்கத்தில் திட்டாத ஆள் ஒருவர் இருந்தால் குரல்கள் தணிகின்றன. போவதில்லை, தணிகின்றன. கூட இருந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதைக் கேட்க இரண்டு ஊரிலும் ஆளில்லை.

போன மாதம் நம் ஊர் மாரி கப்பலில் வந்தான்.

"கத்தாளையே படலணா. கன்னியப்பன அனுப்பச் சொன்னாங்க. கப்பல்ல எடம் கேட்டு வெச்சிட்டேன்."

"அவன் எப்படி இருக்கான்னு யாராவது கேட்டாங்களா?"

மாரி தலையைச் சொறிந்தான். "காது கேக்குதில்ல, அது போதும்னாங்க."

அந்த ஞாயிறு தம்பியிடம் சொன்னேன். தெளிவாக இருந்தான்.

"ஊருக்கு என் காது வோணும். இந்த வைத்தியனுக்கு என் ரத்தம் வோணும். உனுக்கு இன்னாணா வோணும்?"

அழுதுவிட்டேன். வேடிக்கை பார்க்க வந்த குழந்தை ஒன்று என்னையும் சுட்டிக் காட்டியது.

அவனை வெளியே விடச் சொல்லி சிருர்கைனிடம் போய் நின்றேன். பொறுப்பேற்கிறவன் இந்த ஊரை விட்டுப் போகவே கூடாது என்றார். சரி என்றேன்.

மாரியின் கப்பல் கிளம்பும் குண்டுச் சத்தம் என் அறைவரை கேட்டது. உங்களைத் திட்டாத நாளில்லை, ஆனாலும் துறைக்கு ஓடிப்போய்ப் பாய் மறையும்வரை பார்க்க வேண்டும்போல் நெஞ்சு அடித்துக்கொண்டது. கன்னியப்பன் என் கைமேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கையை உருவினால் விழித்துவிடுவான். கண்ணை மட்டும் வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு அப்படியே கிடந்தேன்.