துப்பாக்கிக்கார மரகதம்

அமெரிக்காவில் ஃபிரிஸ்கோவுக்கு வந்து மரகதம் வீடு எது என்று கேட்டால், எந்த மரகதம் என்பார்கள். துப்பாக்கிக்கார மரகதம் என்று சொல்லிப் பாருங்கள், காரை முன்னால் விட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். பேர் அப்படிப் பரவிக் கிடக்கிறது. அனுமார் கோயில் பிரசாத வரிசையில் அவள் நின்றால் நாலு பேர் தள்ளி அந்தப் பேச்சுதான். தாராபுரத்துப் பெண், எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, புருஷன் செல்வராஜ் ஐ.டி.யில் நல்ல நிலைமை, இவளுக்கு என்ன தலையெழுத்து என்பார்கள். ஒரு தலையெழுத்தும் இல்லை. அவளுக்குப் பிடித்த வேலையை அவள் பார்க்கிறாள். இதில் ஊருக்கு எங்கே வலிக்கிறது என்றுதான் புரியவில்லை.

மூணாவது வீட்டு ஷ்யாமளா மட்டும் நேரே கேட்டாள். கொலுவுக்கு வந்தவளுக்குச் சுண்டலைக் கையில் கொடுத்துவிட்டு, "ஏன் மரகதம், ஒரு டே கேர், ஒரு டெஸ்டிங் வேலை, எதுவுமே கிடைக்கலையா உனக்கு?" என்றாள்.

"கிடைச்சுதுங்க அக்கா. புடிக்கலை," என்றாள் மரகதம். சுண்டலில் உப்புக் கொஞ்சம் கம்மி என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அவள் வாய் அப்படி.

அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். குதிரையும் தொப்பியும் தூசியுமாக இந்த ஊர்க்காரர்கள் எடுக்கிற கௌபாய் படங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்குப் பழைய ரிவால்வர்களை வாடகைக்குக் கொடுக்கிறவர் வெர்னான் என்கிற கிழவர். ஃபோர்ட் வொர்த் பக்கம் கிடங்கு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் நிஜமாகவே இடுப்பில் தொங்கின ரிவால்வர்கள் அங்கே பட்டுத் துணியில் படுத்திருக்கும். விசா முட்டுக்கட்டையால் பத்து வருஷம் வீட்டில் அடைந்து கிடந்த மரகதம், கிரீன் கார்டு வந்த கையோடு வேலை தேடினபோது, பழைய இரும்பைச் சுத்தம் பண்ண ஆள் வேண்டும் என்று வெர்னான் விளம்பரம் போட்டிருந்தார். அனுபவம் உண்டா என்று கேட்டார். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை, ஆனால் துரு எப்படிப் பிடிக்கும், எப்படிப் போகும் என்று தெரியும் என்றாள். கிழவர் சிரித்துவிட்டார்.

துருவை எடுக்கப் போனவள் மெதுவாகப் பெட்டிச் சாவிக்கே சொந்தக்காரி ஆனாள். பயிற்சிக்குப் போனாள், பரீட்சை எழுதினாள். அப்புறம் ஷூட்டிங் நடக்கிற இடத்துக்குத் துப்பாக்கிகளைக் கொண்டுபோவது, நடிகன் கையில் கொடுப்பது, காட்சி முடிந்ததும் பிடுங்கி உள்ளே வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. பத்து வருஷம் 'செல்வராஜ் வைஃப்' என்று கூப்பிட்ட ஊரில், அங்கே மட்டும்தான் அவளை மரகதம் என்று கூப்பிட்டார்கள். வாயில் நுழையாமல் 'மேரகாதம்' என்றுதான் சொன்னார்கள், சொல்லட்டும். அந்த வேலை அவளுக்கு உயிர். அது போய்விட்டால் திரும்பவும் நாலு சுவர்தான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வேலைதான் போன அக்டோபரில் ஊசலாடியது.

மேற்கே ஒரு பண்ணையில் படப்பிடிப்பு. டைரக்டர் கேலப், சின்ன வயசு, சுறுசுறுப்பு, யாரையும் பேர் சொல்லி முதுகில் தட்டுவான். ஒருநாள் சாயங்காலம் அவனுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்துவிட்டது. கதாநாயகன் ஒரு பெண்ணின் நெற்றிப்பொட்டில் ரிவால்வரை வைக்கிறான், அதன் பின்பக்கத்துச் சின்னச் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுக்கிறான், விசையை அழுத்துகிறான், 'டிக்'கென்று வெற்றுச் சத்தம். எல்லாம் ஒரே ஷாட்டில், வெட்டாமல் வேண்டும் என்றான்.

மரகதத்துக்கு ஒரு கணக்கு உண்டு, வெர்னான் கற்றுக்கொடுத்தது, அப்புறம் அவரே அதில் தலையிட்டதில்லை. நிஜத் துப்பாக்கி எந்த மனுஷனையும் பார்த்து நீளக் கூடாது. காலியாக இருந்தாலும் கூடாது. ஆளைப் பார்த்து நீட்ட ரப்பர் துப்பாக்கி இருக்கிறது, பார்க்க அச்சு அசல் அதே மாதிரி. ஆனால் ரப்பரில் சுத்தியல் அசையாது, விசை அழுந்தாது. அசைகிற போலி ஒன்று செய்யச் சொல்லலாம், ரெண்டு வாரம் ஆகும். கேலபிடம் ரெண்டு வாரம் இல்லை.

மறுநாள் ஆயுத பூஜை. காலையிலேயே தன் டிரெய்லரில் துப்பாக்கிப் பெட்டிகளை வரிசையாக வைத்து, மூடிமேல் மட்டும் சந்தனம் குங்குமம் வைத்தாள். பழைய இரும்பில் ஈரச் சந்தனம் படக் கூடாது என்று அந்தக் கெமிஸ்ட்ரிக்குத் தெரியாதா என்ன. சூடம் காட்டிப் பொரி கடலையைப் பொட்டலம் கட்டி லைட்பாய் முதல் குதிரைக்காரர் வரைக்கும் கொடுத்தாள். அவர்களும் பாப்கார்ன் மாதிரி அள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கேலப் வந்து, "அந்த நிஜ ரிவால்வர் வேணும்" என்றான்.

இங்கேதான் மரகதம் சறுக்கினாள். நம்மாட்கள் எல்லாரும் சறுக்குகிற இடம் இது. ஒருத்தருக்கு முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று சொல்ல நாக்கு வராமல், வீட்டில் விசேஷம், நாள் நல்லா இல்லை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது ஒன்றின் பின்னால் போய் ஒளிந்துகொள்வோம். ஷ்யாமளாவிடம் அவ்வளவு வாய் பேசுகிறவளும் மேலதிகாரி என்று வந்ததும் அதையேதான் செய்தாள்.

"இன்னிக்கு எங்க பண்டிகை. பூஜையில வெச்ச ஆயுதத்தை இன்னிக்கு எடுத்துப் பயன்படுத்தக் கூடாது," என்றாள் இங்கிலீஷில், பவ்யமாக.

பொய் இல்லை, வழக்கம் அதுதான். ஆனால் அது காரணமும் இல்லை.

கேலப் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்டான். உங்கள் நம்பிக்கையை நாங்கள் மதிக்கிறோம் என்றான். காட்சியையே தள்ளிவைத்தான். அத்தோடு விட்டானா, எல்லாரையும் கூட்டி வைத்து, இன்றைக்கு மேரகாதத்தின் புனித நாள் என்று அறிவித்து, கை தட்ட வைத்தான். அவ்வளவு பேர் தட்டும்போது மரகதம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். டிரெய்லருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "அடி கூறு கெட்டவளே" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

விடிந்தால் விஜயதசமி. கேலப் இண்டர்நெட்டில் பார்த்துவிட்டே வந்திருந்தான். "ஹேப்பி விஜயதசமி. புதுசா எதையும் தொடங்க நல்ல நாளாமே? பெட்டியைத் திறக்கலாமா?" என்றான்.

பின்னால் கதாநாயகன் நின்றான். நெற்றியில் துப்பாக்கி வாங்க வேண்டிய பெண், ஹேலி என்று பேர், இருபத்திரண்டு இருபத்திமூன்று வயசு இருக்கும், நாற்காலியில் தலைமுடியைப் பின்னுக்கு ஒதுக்கித் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"திறக்க முடியாது," என்றாள் மரகதம்.

"இன்னிக்கும் பண்டிகையா?"

"இல்லை. நேத்து சாமி பேரைச் சொல்லித் தப்பிச்சேன், அது என் தப்பு. இன்னிக்கு என் பேர்ல சொல்றேன். நிஜத் துப்பாக்கியை அந்தப் பொண்ணு நெத்தியில வைக்கக் குடுக்க மாட்டேன்."

கேலபின் முகம் சுண்டிப்போனது. நேற்றுக் கை தட்ட வைத்த ஆளே இன்று குரலை உயர்த்தினான். "காலித் துப்பாக்கிதானே? குண்டு போடுற ஆறு ஓட்டையையும் நீயே பார்த்துட்டுக் குடு. உன் மேலயே உனக்கு நம்பிக்கை இல்லையா?"

"இல்லை," என்றாள். "காலித் துப்பாக்கிதான் ஆளைக் கொல்லும். உள்ள குண்டு இருக்குன்னு தெரிஞ்சா எவன் நெத்தியில வைப்பான்?"

கேலப் விடவில்லை. ஃபோனை எடுத்து வெர்னானைக் கூப்பிட்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டான். நேற்று ஒருநாள் முழுக்க அவளுக்காக இழந்தோம், இன்றைக்கும் முரண்டு பிடிக்கிறாள், இப்படியென்றால் அடுத்த படத்துக்கு வேறு கடையைப் பார்த்துக்கொள்வோம் என்றான். வெர்னான் கொஞ்ச நேரம் இருமினார்.

"மேரகாதம், ஒரே ஒரு ஷாட்தானே. பார்த்து முடிச்சுக் குடுத்துடு," என்றார்.

அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. அந்தக் கணக்கை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்த மனுஷன்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை வெளியே விட்டுக் கேலபுக்கு வேடிக்கை காட்ட அவள் தயாராக இல்லை.

"வெர்னான், பெட்டி உங்களுது. சாவி என் கையில இருக்கு. உங்களுக்கு வேணும்னா ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வாங்க, சாவியைத் தர்றேன். நீங்களே திறந்து, உங்க கையாலேயே அந்தப் பொண்ணு நெத்தியில வைக்கக் குடுங்க. நான் குடுக்க மாட்டேன். வேலையை விட்டு எடுக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க, எல்லாரும் கேட்டுட்டுத்தான் இருக்காங்க."

லைன் போய்விட்டதோ என்று கேலப் ஃபோனைத் திருப்பிப் பார்த்தான். கடைசியில் வெர்னான், "நான் வரலை" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஹேலி நாற்காலியிலிருந்து எழுந்தாள். மரகதத்துக்கு ஆதரவாக ஒரு வார்த்தை பேசினாளா என்றால் அதெல்லாம் இல்லை, சான்ஸ் போய்விடுமே என்று அவளுக்கும் பயம் இருக்கும் அல்லவா. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். மரகதம் ரப்பர் துப்பாக்கியை எடுத்துக் கதாநாயகன் கையில் கொடுத்தாள். சுத்தியல் இழுபடுவதை மட்டும் நிஜ ரிவால்வரில், மணல் மூட்டையைப் பார்த்து, தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்றாள். இன்னொரு நாளையும் இழக்க முடியாததால் கேலபுக்கு வேறு வழி இல்லை. வசைபாடிக்கொண்டே ரெண்டையும் எடுத்தான். முடிந்த கையோடு, நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்றான்.

வீட்டுக்கு வந்து செல்வராஜிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் வழக்கம்போல, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போயிருக்கலாம்ல மரகதம்?" என்றார்.

"ஏனுங்க, நம்ம பொண்ணு பிரீத்தி நெத்தியில வெச்சா அட்ஜஸ்ட் பண்ணுவீங்களா?" என்றாள்.

வெர்னான் கொஞ்ச நாள் ஃபோனே பண்ணவில்லை. வேலை போய்விட்டது என்றே மரகதம் முடிவு கட்டிவிட்டாள். யார் கேட்டாலும் ஆமாம், போச்சு, அதனால் என்ன என்று நிமிர்ந்துதான் சொன்னாள். தனியாக இருக்கும்போது அழுதாள், அதையும் மறைப்பானேன். பிறகு ஒருநாள் காலை, அடுத்த வாரம் ஒரு டி.வி. சீரியலுக்குத் துப்பாக்கி போக வேண்டும், எட்டு மணிக்கு வந்துவிடு என்று கிழவரிடமிருந்து மெசேஜ் வந்தது. மன்னிப்பும் இல்லை, சமாதானமும் இல்லை. இவளும் கேட்கவில்லை, போனாள்.

படம் இந்தக் கோடையில் வந்தது. செல்வராஜையும் பிரீத்தியையும் இழுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனாள். அந்தக் காட்சி வந்தது. ஹேலியின் நெற்றியில் துப்பாக்கி அழுந்தியது. சுத்தியல் பின்னால் போனது. 'டிக்'கென்ற சத்தத்துக்கு முழுத் தியேட்டரும் மூச்சைப் பிடித்தது. பக்கத்து சீட்டு அம்மாள் புருஷன் கையைப் பற்றிக்கொண்டாள். எது ரப்பர், எது இரும்பு, எங்கே வெட்டி ஒட்டினான் என்று ஒரு ஈ காக்காய்க்கும் தெரியவில்லை. இருட்டில் மரகதம் வாய்விட்டுச் சிரித்தாள். ரெண்டு பேர் திரும்பி 'ஷ்' என்றார்கள், அதற்கும் சேர்த்துச் சிரித்தாள்.

கடைசியில் பேர்கள் ஓடின. குதிரைக்காரர் பேர் வந்தது, சாப்பாடு போட்டவர் பேர் வந்தது, மரகதம் பேர் இல்லை. பிரீத்திக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அம்மா, தே டுக் யுவர் நேம் ஆஃப்," என்றாள்.

"ஆமா, பேரை எடுத்துட்டான்," என்றாள் மரகதம், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. "நான் குடுத்த துப்பாக்கியை மாத்த முடிஞ்சுதா அவனால?"