மலை நகர்வது அணி அல்ல

இன்று பெரகல சந்தியில் பஸ் ஏறினேன். காதலிக்காக மலையே நகர்ந்து வரும் என்று காதலன் உருகும் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து கிளார்க் தம்பி. பாட்டுகளை வைத்து நான் இங்கே எழுதும் அணி விளக்கங்களை விடாமல் படிப்பவர்.

"ஐயா, இது உயர்வு நவிற்சிதானே?"

"ஆமா தம்பி. நடக்காதத நடக்குதுன்னு கூட்டிச் சொல்றது. அத விடுங்க. நம்ம லயத்து வீடுங்களுக்குப் பின்னால மலை நெசமாவே எறங்குது. வெடிப்புக்குள்ள என் கை முழுசா போகுது. செவுரு சாஞ்சு கதவு சாத்த முடியல. மழைக்கு முன்னாடி புள்ளகுட்டிங்களயாவது ஸ்கூலுக்கு மாத்தச் சொல்லி மேனேஜர் தொரைகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேங்க. யாரு சொன்னதுன்னு கேட்டாரு. உங்க பேரச் சொன்னேன். 'அந்தப் பாட்டு வாத்தியாரா? அவரு எல்லாத்தையும் கூட்டித்தான் சொல்லுவாரு'ன்னு சிரிச்சாருங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானும் சிரிச்சிட்டேங்க."

நான் எதையும் கூட்டிச் சொல்வதில்லை. கூட்டிச் சொல்பவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். யாரும் சொல்லித் தராமல் நானே படித்த இலக்கணம், இன்று என் வாயையே அடைத்துவிட்டது.

இதை எழுதும்போது மழை பிடித்துவிட்டது. பின்சுவரில் மண் உதிர்கிறது. பிள்ளைகளை முன்பக்கம் படுக்க வைத்திருக்கிறோம். அதற்கு மேல் எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை.

உள்ளதை உள்ளபடி சொல்வதற்கும் ஓர் அணி இருக்கிறது: தன்மை நவிற்சி. இந்தப் பதிவு முழுக்க அதுதான்.

துரையைத் தெரிந்தவர்கள் யாராவது அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். உதாரணத்துக்குப் பாட்டு வேண்டுமானால் நான் தேடித் தருகிறேன்.