ரௌட்டர் மேசைக்கு வரைபடம் தேடியது

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் நான் வேலை பார்த்த மரச்சாமான் தொழிற்சாலையை மூடிய பிறகு ஒரு கை ரௌட்டர் வாங்கினேன். பலகையின் ஓரத்தை வழித்து வளைவும் பள்ளமும் எடுக்கிற மின்கருவி அது. பதினெட்டு ஆண்டுகள் அதே வேலையைப் பெரிய இயந்திரத்தில் செய்தவள் நான். வீட்டிலிருந்தே அலமாரிக் கதவுகள் செய்து கொடுக்கலாம் என்று நினைத்தேன். மூன்றே கதவுகள் செய்தேன். நான்காவதற்குப் பலகை வாங்கப் போன வழியில், மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டில் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். அதிர்கிற எதையும் இனி இந்தக் கையால் பிடிக்கக் கூடாது என்றார் டாக்டர்.

கருவியை மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்திவிட்டால் அதைப் பிடிக்கவே வேண்டாம், பலகையைத் தள்ளினால் போதும். தொழிற்சாலையிலும் அப்படித்தான் செய்தோம். ஆனால் அந்த இயந்திரத்தின் அடியில் என்ன இருந்தது என்று நான் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

கைப்பேசியில் தேடினேன். ரௌட்டர் மேசை என்று தமிழில் கேட்டால், இணையப் பெட்டி வைக்கிற தட்டுகளாக வந்தன. ஆங்கிலத்தில் கேட்டபோது வரைபடங்கள் கொட்டின. ஒன்றைத் தேர்ந்து, ஜித்ராவில் படிக்கும் மகளுக்கு அனுப்பினேன். விடுமுறைக்கு வந்தபோது பதினான்கு பக்கமும் அச்செடுத்துக் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொன்னாள். முக்கால் அங்குலப் பிளைவுட் என்று போட்டிருந்தது. எங்கள் பலகைக் கடையில் முக்கால் என்று விற்பதை அளந்தால் பத்தொன்பது மில்லிமீட்டர் இல்லை, பதினேழுதான். மூட்டுகள் தொளதொளவென்று நிற்கும். அதையாவது எப்படியோ சரிக்கட்டலாம். நாலாம் பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டோம். மேசையின் நடுவில் கருவியைத் தாங்கும் தகடு உட்காருகிற பள்ளத்தை ரௌட்டரைக் கையில் பிடித்து எடுக்க வேண்டுமாம்.

“மேசை செய்யவே ரௌட்டர் புடிக்கணும்னா, புடிக்க முடியாதவங்க என்னாமா செய்வாங்க?” என்றாள் மகள்.

வேறு வரைபடங்களையும் பார்த்தோம். அந்த வரி ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் வந்து நின்றது.

என் கணவர் ஒரு கிடங்கில் காவலாளி. சுவரில் ஆணி அடிக்கவே என்னைக் கூப்பிடுகிறவர். அவர்தான் கடைசியில் பள்ளமே வேண்டாத எளிய படம் ஒன்றைக் கண்டுபிடித்தார். பிளைவுட்டில் துளை போட்டுக் கருவியை அடியில் நேராகத் திருகிவிட்டு, மேலே நேரான சட்டம் ஒன்றை, மரம் ஒட்டி நகர அணைவாக, கிளாம்ப் என்ற இறுக்குப்பிடியால் இறுக்கிக்கொள்வதுதான். நான் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவர் செய்தார். துளை கோணலாகப் போவதைக் கண் பார்த்துவிடும். வாய் சொல்வதற்குள் அது போய்விடும். எனக்கு அழுகை வந்தது. அவருக்குக் காட்டவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மேசை எழுந்து நின்றது. கருவியை ஓட விட்டேன். மரத்தை அழுத்தித் தள்ள இரண்டு கையும் வேண்டியிருந்தது, என் வலக்கையில் அந்தப் பிடி இல்லை. அவர் ஒரு ரப்பர் மரச் சட்டத்தை இடப்பக்கத்திலிருந்து கொடுத்தார். சுழன்ற வெட்டலகு அதை அவர் கையிலிருந்து பிடுங்கி எறிந்தது. சட்டம் சுவரில் மோதி விழுந்தது. நான் சுவிட்சை அணைத்தேன். அவர் தம் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்தும் இருந்தன.

“வலது பக்கத்திலேருந்துதாங்க தள்ளணும்,” என்றேன்.

“இத ஏன் நீ முன்னாடியே சொல்லல?”

அலகு சுழலும் திசைக்கு எதிராகத்தான் மரத்தைக் கொடுக்க வேண்டும். அதைச் சொல்லித்தர வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக யாராவது சொல்லித்தருவார்களா? வேறு என்னென்ன சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஒரு மாதம் அவர் மேசைப் பக்கம் போகவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருநாள் காலை வேலை முடிந்து வந்தவர், சாப்பிட்டுவிட்டு, மேசைமேல் மூடியிருந்த போர்வையைத் தாமே எடுத்தார்.

“சொல்லுலா. வலது பக்கம். அப்புறம்?”

“மெதுவா. நடுவுல நிக்காதீங்க. நின்னா மரம் கருகிடும்.”

பயத்தில் நின்றார், கருகியது. அப்படியே பக்கத்து வீட்டு அக்காவின் சாமி படம் வைக்க ஒரு சுவர்த்தட்டு செய்தோம். ஓரத்தில் இரண்டு கருகல்கள். இடக்கையால் உப்புத்தாள் தேய்த்து ஒன்றைப் போக்கினேன். மற்றது போகவில்லை. நன்றாக இருக்கிறது என்று அக்கா வாங்கிக்கொண்டார். தொழிற்சாலையாக இருந்தால் அதை நானே கழிவில் போட்டிருப்பேன்.

போன வாரம் ஒரு வரைபடத்தின் கீழே மகள் எனக்காக ஆங்கிலத்தில் எழுதிப் போட்டாள்: ஒரு கையால் வேலை செய்கிறவர்களுக்கு ஏற்ற படம் ஏதாவது இருக்கிறதா என்று. யாரோ அதற்கு விருப்பக்குறி இட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. கணவர் வேலைக்குப் போயிருக்கும்போது சில நாள் மேசையின் வலப்பக்கம் போய் நிற்கிறேன். சுவிட்சைத் தொடுவதில்லை.