பத்துக்கு ரெண்டு

கிரிக்கெட் அணியில் அவளுக்குப் பெயரே 'ரெண்டு' என்றாகிவிட்டது. ஆட்டத்தன்று காலையில் பிசியோ அறையில் ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வி கேட்பார்கள்: வலி பத்துக்கு எவ்வளவு? முதுகு பிடித்துக்கொண்டிருக்கும், இடது கால் கட்டைவிரல் நகம் கறுத்துத் தொங்கும். இவள் வாயிலிருந்து வருவது மட்டும் "ரெண்டு". மூன்றைத் தாண்டினால் ஆடவிடாமல் உட்கார வைத்துவிடுவார்கள். அது அங்கே எழுதாத சட்டம்.

உண்மை பேசிப் பார்க்காதவள் இல்லை. பத்தொன்பது வயதில், நாட்டுக்காகப் போன முதல் வெளிநாட்டுப் பயணத்தில், வெள்ளந்தியாக "ஆறு" என்றாள். அவ்வளவுதான், தொடர் முழுக்கத் தண்ணீர் பாட்டில் சுமக்க விட்டார்கள். மறுபடி பந்தைக் கையில் கொடுக்கப் பதினோரு மாதம் ஆனது. அன்றே முடிவு கட்டினாள், இனி உயிரே போனாலும் ரெண்டுதான்.

அந்தப் பொய்யோடு பன்னிரண்டு வருடம் ஓடினாள். பத்தொன்பது தப்படி ஓடி வந்து, உடம்பின் பாரம் முழுவதையும் இடது காலில் இறக்கி வீசிய வீச்சில் நூற்றுச் சொச்சம் விக்கெட். விரல் நசுங்காமல் இருக்க அவளுடைய இடது ஷூவின் நுனியில் ஓட்டை போட்டுத் தருவது கணவனின் வேலை. அவன் தரைக்கு டைல்ஸ் பதிப்பவன். "ஊர்ல எல்லாரும் புது ஷூவைத் துடைச்சுத் துடைச்சு வெப்பாங்க. எனக்கு வாய்ச்சவ மொத நாளே ஓட்டை போடச் சொல்றா" என்று புலம்பிக்கொண்டே பிசிறில்லாமல் வட்டமாக அறுத்துக் கொடுப்பான்.

பழக்கம் பொல்லாதது. பிரசவத்துக்குப் போன இடத்திலும் நர்ஸ் அதே கேள்வியைக் கேட்டுத் தொலைத்தாள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு, யோசிக்காமல், "ரெண்டு" என்றாள்.

"அப்ப இன்னும் நேரம் இருக்கும்மா. கொஞ்சம் நடந்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டாள் அந்தப் புண்ணியவதி.

இரண்டாவது சுற்றில், லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு இவள் போட்ட கூச்சலில் மாடியே திரண்டு வந்தது. "பத்து! ஐயோ, பத்து!"

"இத்தனை வருஷத்துல இப்பத்தான் உண்மை பேசறியாடி!" என்று கணவன் தலையில் அடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சர் தேடி ஓடினான். உள்ளே கொண்டு சேர்ப்பதற்குள் மகள் பிறந்துவிட்டாள்.

பதினாலு மாதம் கழித்து அணிக்குத் திரும்பினாள். வயது முப்பத்து நான்கு. இன்று விட்டால் இனி யாரும் கூப்பிடப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும், பிசியோ அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தேர்வுக் குழுத் தலைவருக்கும் தெரியும். மனிதர் ஒரு காலத்தில் பேட்ஸ்மேன். இப்போது தொப்பையும் அதிகாரமும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

பிசியோ பெண் கேட்டாள். "பத்துக்கு எவ்வளவுக்கா?"

"ரெண்டு."

தலைவர் சிரித்தார். "உன் வாய்க்கு வேற நம்பரே தெரியாதேம்மா. இதை நான் எப்படி நம்பறது? குழந்தையைப் பாரு. கௌரவமா ஒதுங்கிடு."

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. "சார், இதுக்கு முன்னால சொன்னதெல்லாம் பொய். ஒத்துக்கறேன். நீங்க சொல்ல வெச்ச பொய். ஆனா பத்துன்னா என்னன்னு லிஃப்ட் வாசல்ல நின்னு பார்த்துட்டு வந்திருக்கேன். இது ரெண்டு. நெஜமான ரெண்டு."

"அதெப்படி..."

"சந்தேகமா இருந்தா வாங்க. கால்ல பேடைக் கட்டிக்கிட்டு வலைக்குள்ள நில்லுங்க. ஆறே பந்து. வலி எனக்கா உங்களுக்கான்னு பார்த்துடலாம்."

தலைவர் செல்போனை எடுத்து அவசரமாக எதையோ தேட ஆரம்பித்தார். பிசியோ பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் முதுகெலும்பை மேலிருந்து கீழ்வரை அழுத்திப் பார்த்தாள், குனியச் சொன்னாள், ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னாள். பிறகு 'இரண்டு' என்று எழுதினாள்.

அன்று அவள் எடுத்தது நான்கு விக்கெட். வீட்டுக்கு வந்து முதுகில் ஐஸ் பையோடு குப்புறப் படுத்தாள். மகள் அவள் கால்மேல் ஏறிக் குதிரை ஓட்டினாள். "எவ்வளவு?" என்று கணவன் கேட்டான். "அஞ்சு இருக்கும்" என்றாள். அவன் போய் இன்னொரு ஐஸ் பை கொண்டு வந்தான். இந்த மனுஷனிடம்கூட இத்தனை வருடம் ரெண்டு என்றே சொல்லி வந்ததை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நாலு நாள் கழித்து அடுத்த ஆட்டம். அதே அறை, அதே நாற்காலி, அதே தலைவர்.

"பத்துக்கு எவ்வளவுக்கா?"

"நாலு" என்றாள், வெளியே நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

பிசியோ பெண்ணின் பேனா நின்றது. தலைவர் நிமிர்ந்தார்.

"எழுதும்மா, நாலுன்னே எழுது" என்று சொல்லிக்கொண்டே அவள் ஓட்டை ஷூவுக்குள் காலை விட்டாள். "அந்த நாலோட ஓடிவந்து போடறேன். உட்கார வெக்கணும்னா வெக்கட்டும். வெக்கறவர் யாருன்னு பக்கத்துலயே அவர் பேரையும் எழுதி, கையெழுத்து வாங்கிக்கோ."

பேனாவைப் பிசியோ பெண் தலைவர் பக்கம் நீட்டினாள். அவர் அதைத் தொடவில்லை. இவள் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தாள்.