ஐந்து மணி என்றால் ஐந்து மணி

மகளிர் மன்றச் செயலாளர் வேலைக்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. திட்டு மட்டும் தினமும் தவறாமல் வந்துவிடும். ஷார்ஜாவில் எங்கள் மன்றத்துக்கு நான்தான் செயலாளர். கோலப்போட்டி, கும்மி, பொங்கல், லேபர் கேம்புக்குச் சாப்பாடு என்று எதையாவது இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வோம். குடியரசு தினத்தை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று இங்கே செக்யூரிட்டி வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களுக்குப் பொன்னாடை போர்த்துவோம். எந்த ஊரிலாவது ஒரு விழாவுக்கு ஆள் கூட்டிப் பார்த்தவரா நீங்கள்? அப்படியானால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், சேர்ந்தே அழலாம்.

நாற்காலிக்குப் பொன்னாடை

முதல் வருட விழா ரோலாவில், ஒரு ஹோட்டலின் மாடி ஹாலில் நடந்தது. அழைப்பிதழில் மாலை ஐந்து மணி என்று போட்டிருந்தோம். நான் கொஞ்சம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தேன். முன்னாள் ராணுவத்தினர் ஏழு பேரும் எனக்கும் முன்னாலேயே வந்து, முழுக்கைச் சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மைக்செட்காரர்கூட வந்திருக்கவில்லை. சிறப்பு விருந்தினர் துபாயிலிருந்து புறப்பட்டுவிட்டதாகப் போனில் சொன்னார். துபாய் ஷார்ஜா ரோட்டில் புறப்படுவதற்கும் வந்து சேர்வதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். ஆனால் அவர் வந்து குத்துவிளக்கு ஏற்றாமல் ஒரு வேலையும் தொடங்கக் கூடாது என்பது மன்றத்தின் சம்பிரதாயம்.

ஏழு மணிக்குக் கீழே அவர்களுடைய கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. நைட் டியூட்டி. ஏழு பேரும் ஒன்றாக எழுந்து போய்விட்டார்கள். அப்புறம் விருந்தினர் வந்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் காலி நாற்காலிகளின் முதுகில் பொன்னாடையைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வேனுக்கு இறங்கிப் போகும்போது, ஏழு பேரில் ஒருவரான வேலூர்ப் பக்கத்து ஹவில்தார் தங்கராஜ் படியில் நின்று எனக்கு ஆறுதல் சொன்னதுதான் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது: "தப்பா நெனச்சிக்காதீங்க மேடம், அங்க பகல் டியூட்டிக்காரன் எங்களுக்காக நின்னுகினு இருப்பான்."

கேட்டில் ஆறிய பிரியாணி

அடுத்த டிசம்பரில், இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கேம்புக்குப் பிரியாணி கொண்டுபோனோம். கேட்டில் அதே தங்கராஜ் நின்றார். அந்த மாதம் அவருக்குப் பகல் டியூட்டி, ஜனவரியில் மறுபடி நைட். தெரிந்த முகமாயிற்றே என்று நான் வண்டியை உள்ளே விடச் சொன்னேன். அவர் சிரித்த முகமாக அனுமதிக் கடிதம் கேட்டார். அது எங்கள் தலைவி பத்மாக்காவின் கைப்பையில் இருந்தது. பத்மாக்கா வேறு காரில் இருந்தார். அந்தக் கார் எங்கே இருந்தது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். "உங்கள இன்னிக்கி உட்டா நாளைக்கி எவனையும் நிறுத்த முடியாது மேடம்" என்று சொல்லிவிட்டு, தன் நாற்காலியை எனக்குப் போட்டார், குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். கேட்டை மட்டும் திறக்கவில்லை.

பிரியாணி ஆற ஆற அவர் கதை சூடு பிடித்தது. மனைவி சரசா முதல்முறையாக விசிட் விசாவில் வருகிறாராம். ரோலாவில் இருக்கும் அக்கா மகள் வீட்டில் தங்கப்போகிறாராம். பட்டாளத்தில் இவருக்கு மெடல் குத்தியபோதெல்லாம் அந்த அம்மா ஊரில் பிள்ளைகளோடும் மாட்டோடும் கிடந்திருக்கிறார். புருஷனுக்கு நாலு பேர் மரியாதை செய்வதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. விழா முடிந்த மறுநாளே சரசாவுக்கு ஊருக்கு பிளைட். அந்த மனிதர் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர் என்பது அவர் தயங்கியதிலேயே தெரிந்தது. "இந்த தபா வேன் வர்றதுக்குள்ள என் பேரக் கூப்புட்டுடுங்க மேடம், சரசா பாக்கணும்."

இரண்டு அழைப்பிதழ்

கமிட்டியில் இதைச் சொன்னேன். எல்லோருக்கும் கண் கலங்கியது. ஆனால் சரியான நேரத்துக்கு வருகிறேன் என்று ஒருவரும் வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை. பத்மாக்கா மதுரைக்காரர், எதற்கும் கைவசம் ஒரு யோசனை வைத்திருப்பார். "அஞ்சுன்னு போட்டா ஏழுக்கு வருவாய்ங்க. நீ மூணுன்னு போடு, அஞ்சுக்கு டாண்ணு வந்துருவாய்ங்க" என்றார். அப்படிப் போட்டால் ராணுவத்தார் இரண்டரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்களே என்றேன். சரி, அவர்களுக்கு ஐந்து, மற்றவர்களுக்கு மூன்று என்று இரண்டு அழைப்பிதழ் அடித்தோம்.

அன்று சாயங்காலமே யாரோ ஒரு புண்ணியவதி இரண்டையும் மன்றத்தின் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டாள். போன் ஓயவே இல்லை. கடைசியாகப் பேசிய உறுப்பினர் ரொம்ப அக்கறையாக விசாரித்தார்: "மூணா அஞ்சா செக்ரட்டரி? எப்படியும் நான் ஆறரைக்குத்தான் கெளம்புவேன், சும்மா தெரிஞ்சு வச்சுக்கலாம்னு கேட்டேன்."

வெள்ளைச் சேலை யாருக்கு

மூவர்ணச் சேலையில் வரிசையாக நின்று வரவேற்பது என்று முடிவானது. ஆரஞ்சுக்குப் பத்துப் பேர், பச்சைக்குப் பன்னிரண்டு பேர் கை தூக்கினார்கள். வெள்ளைக்கு ஒரு கைகூட எழவில்லை. புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வெள்ளை கட்டிக்கொண்டு குத்துவிளக்குப் பக்கத்தில் நிற்பதா என்று ஒரே ரகளை. சந்தன நிறம் போதாதா, முட்டை நிறம் ஆகாதா என்று பேரம் வேறு.

மூலையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஸ்டெல்லா எழுந்தாள். குளச்சல் பக்கத்துப் பெண், கிளினிக்கில் நர்ஸ். எங்கள் மன்றத்தில் சொன்ன நேரத்துக்கு வருகிற ஒரே ஜீவன் அவள்தான். "எக்கா, நான் டூட்டி முடிஞ்சு நேரா வருவேன், யூனிபாரமே வெள்ளதான். நடுவுல நான் நிக்கேன், இதுக்குப் போயி எதுக்கு இந்தச் சண்ட?"

விளக்கு ஏற்றியவர்

விழா நாள் வந்தது. ஐந்து மணிக்கு ஹாலில் ஏழு ராணுவத்தார், கையில் பழைய தோல்பையை இறுக்கிப் பிடித்தபடி சரசா, அவருடைய அக்கா மகள், ஸ்டெல்லா, நான். ஆரஞ்சும் பச்சையும் இன்னும் பார்லரில் இருந்தன. கொடியில் வெள்ளை மட்டும்தான் வந்திருந்தது. விருந்தினர் வழக்கம்போலப் புறப்பட்டிருந்தார். காத்திருந்தால் கூட்டம் வரும், ஆனால் வேனும் வந்துவிடும். தொடங்கினால் அந்த அம்மா கண்ணுக்கு நூறு காலி நாற்காலிதான் தெரியும். "எக்கா, டைம் ஆச்சுல்லா, ஆரம்பிங்க" என்றாள் ஸ்டெல்லா. கலாஸ், அரபிக்காரர் சொல்வது போல முடிந்தது கதை, வருவது வரட்டும் என்று சரசாவைக் கூப்பிட்டு விளக்கு ஏற்றச் சொன்னேன். "நானா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு ஏற்றினார். மன்றத்தின் சம்பிரதாயம் அத்தோடு ஒழிந்தது.

"ஹவில்தார் தங்கராஜ்" என்று மைக்கில் சொன்னேன். அவர் எழுந்ததும் மற்ற ஆறு பேரும் சேர்ந்து எழுந்து விறைப்பாக நின்றார்கள். ஷூ தரையில் மோதிய சத்தம் கேட்டுச் சமையல்கட்டிலிருந்து மலையாளி மாஸ்டர், நேபாளிப் பையா, பாத்திரம் கழுவும் பாய் என்று எல்லோரும் வெளியே வந்து, என்ன ஏது என்று கேட்காமலே கை தட்டினார்கள். பொன்னாடை போர்த்தும்போது நான் அழுதுவிட்டேன். சரசா அழவில்லை, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு பேருக்கும் போர்த்தி, உட்கார வைத்து வயிறாரச் சாப்பாடும் போட்டோம்.

வேன் ஹாரன் அடித்தது. அவர்கள் பொன்னாடையோடு படியிறங்க, கீழேயிருந்து பத்மாக்காவும் சிறப்பு விருந்தினரும் ஏறி வந்தார்கள். "என்ன, ஆரம்பிச்சாச்சா?" என்றார் விருந்தினர். தங்கராஜ் ஓரமாக நின்று வழிவிட்டு, "முடிஞ்சிடுச்சி சார். சாப்பாடு இருக்குது, சூடா சாப்புடுங்க" என்றார். பத்மாக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வேன் போன பிறகும் சரசா ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் இல்லையே என்று நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பட்டாளத்துல இருந்த வரைக்கும் இவுரு வர்றேன்னு சொன்ன தேதிக்கு ஒருவாட்டிகூட வந்ததில்லம்மா, லீவு கேன்சலுன்னு கடைசியில சொல்வாரு. இவுரு விசயத்துல சொன்ன நேரத்துக்கு நடந்தது இன்னிக்கித்தான்."

இந்த வருட அழைப்பிதழிலும் ஐந்து மணி என்றுதான் போட்டிருக்கிறோம். முன்னால் வருகிறவர்களுக்கு விழா உண்டு, பின்னால் வருகிறவர்களுக்குச் சாப்பாடு உண்டு.