தன்னை அனுப்பக் கை தூக்கியவர்

பீளமேட்டு மைதானத்தில் கோலுக்கு நேர் எதிரே வந்த பந்தை எங்கள் முன்வரிசை ஆட்டக்காரர் கோட்டைவிட்டபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இவரை வெள்ளகோவில் அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து நல்ல தடுப்பாட்டக்காரர் ஒருவரை வாங்கினால் என்ன? எங்கள் ஹாக்கி அணியில் அதிகச் சம்பளம் அவருக்குத்தான். இந்த சீசனில் அவர் அடித்த கோல் என்று சொல்ல ஒன்றுமில்லை.

அகன்ற தோள், நரைத்த கிருதா. பந்து தவறினால் மற்றவர்கள்போல் மட்டையைத் தரையில் அடிக்க மாட்டார். குனிந்து ஷூ லேசை அவிழ்த்து மறுபடி கட்டுவார்.

எங்கள் அணியில் எதுவானாலும் பயிற்சி முடிந்து வட்டமாக உட்கார்ந்து, கை தூக்கித்தான் முடிவு. அவரையும் வைத்துக்கொண்டே நான் என் யோசனையைப் படபடவென்று சொன்னேன்.

"கெழட்டுக் காளைக்கு எத்தன நாளைக்குங்க தீவனம் போடறது?" என்று கோல்கீப்பர் சிரித்தான்.

அனுப்பிவிடலாம் என்று முதலில் உயர்ந்த கை அவருடையது. மற்ற கைகள் அதன் பின்னால் எழுந்தன.

எல்லோரும் கலைந்ததும் கேட்டேன். "ஏனுங்கண்ணா, நீங்களே தூக்கிட்டீங்க?"

"நீங்க சொன்னது நெசந்தானுங்க தம்பி. முன்னாடி ஓட இந்தக் காலு ஒத்துழைக்கறதில்லீங்க. பின்னாடி நின்னா எவன் வந்தாலும் தடுத்துப்போடுவனுங்க."

"இத எங்ககிட்ட சொல்லியிருக்கலாமுங்களே!"

"கோல் அடிக்கறவன்னுதான் இத்தன சம்பளம் குடுக்கறீங்க. பின்னாடி நிறுத்துங்கன்னு எந்த வாயில கேக்கறதுங்க?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். தன்னை வெளியே அனுப்பக் கை தூக்க முடிந்தவரால், உள்ளேயே வேறு இடம் கேட்க முடியவில்லை. அது எனக்கு இன்னும் புரிபடவில்லை.

வெள்ளகோவிலுக்கு யாரும் இன்னும் போன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை பயிற்சி ஆட்டத்தில் அவரைப் பின்வரிசையில் நிறுத்தச் சொல்லி கேப்டனிடம் கேட்கப்போகிறேன்.